பதினொன்று என்று பெயர் போட்ட புள்ளி

டெல்ஃபினாவுக்கு அந்த ரேடியோ ஆகாது. என் கடை அலமாரியில் ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பெட்டி அது. ஆல்டர் குடாவில் விமானம் ஓட்டுகிறவர்களும், கோபுரத்துக்கு அடியில் ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்து ராடார் பார்க்கிறவர்களும் பேசிக்கொள்வது முழுக்க அதில் கேட்கும். சாப்பிட வருகிறவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. ஆனால் அவள் புருஷன் மெல்வின் மேலே கிளம்பிவிட்டான் என்று தெரிந்ததும், பாத்திரம் கழுவுகிற ஈரக் கையோடு வந்து அதை அணைத்துவிடுவாள். அவன் போய் இறங்கிவிட்டான் என்று யாராவது சொன்ன பிறகுதான் திருப்பிப் போட விடுவாள்.

"குரல் கேட்டா உனக்கு நிம்மதிதானேடி" என்று நான் கேட்பேன்.

"கேக்கற வரைக்கும் நிம்மதிதான் எட்னாக்கா. கேக்காம போற நேரத்த நான் கேக்க வேண்டாம்" என்பாள்.

விமானநிலையத்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, பைலட்டைக் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்க்காமலும் கேட்காமலும் இருக்கப் பார்க்கிறாள். புருஷனும் பெண்டாட்டியும் பள்ளிக்கூடம் போகிற மகள் ஜூனியும் என் வீட்டுப் பின்கட்டில்தான் குடியிருந்தார்கள். மீன் டப்பா ஆலை வேலைக்காக மணிலாவிலிருந்து அவள் அப்பா வந்து தங்கிய குடும்பம். காற்று பலமாக அடிக்கிற ராத்திரிகளில் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் எழுந்து நடப்பது எனக்குக் கேட்கும், மெல்வின் வீட்டிலேயே தூங்கிக்கொண்டிருந்தாலும்.

அந்த நவம்பரில் பனியும் மழையும் மாறி மாறிக் கொட்டி, விமானங்கள் ஒரு வாரமாகத் தரையிலேயே கிடந்தன. பிரைன் தீவில் டப்பா ஆலைக்காரர்கள் தபாலும் மருந்தும் முட்டையும் இல்லாமல் திட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் காலையில் மேகம் கொஞ்சம் தூக்கியது. கம்பெனி மேனேஜர் கஸ், ஒரு விமானம் போதாது, இரண்டையும் அனுப்புகிறேன் என்றான். மெல்வின் போகிற நடைக்குப் பெயர் பதினொன்று. அவன் கூட்டாளி வெர்ன் போகிற நடைக்குப் பெயர் நாற்பது. ரேடியோவில் அவர்களைக் கூப்பிடுவதும் அந்தப் பெயரில்தான். இரண்டு விமானமும் ஒரே அச்சு, சிவப்புப் பட்டை போட்டவை.

இங்கே பறக்கிற ஒவ்வொரு விமானத்துக்கும் அன்றன்றைக்கு நாலு இலக்கத்தில் ஒரு எண் கொடுப்பார்கள். பைலட் அதை முன்னால் இருக்கிற சின்னப் பெட்டியில் திருகி வைத்துக்கொள்ள வேண்டும். ராடார் போய்த் தட்டினால் பெட்டி அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லும். கீழே அறையில் இருக்கிற இயந்திரம் அந்த எண்ணைப் பார்த்து, திரையில் புள்ளிக்குப் பக்கத்தில் இது பதினொன்று, இது நாற்பது, இவ்வளவு உயரம் என்று எழுதிக் காட்டும். இயந்திரம் வந்து இரண்டு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரிதான். எது யார் என்று தெரிய வேண்டுமானால், 'கொஞ்சம் இடது பக்கம் திரும்பு பார்ப்போம்' என்று சொல்லி, திரும்புகிற புள்ளியைப் பிடிப்பார்கள்.

"இப்ப ரொம்ப சொகம் எட்னா. நாய்க் கழுத்துல தகடு கட்டின மாதிரி. எது யாருன்னு கேக்கவே வேண்டாம்" என்று ராக்னா என் கடையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். ராக்னா ராடார் அறையில் வேலை பார்க்கிறவள். வெர்னின் பெண்டாட்டி. எதிர் வீட்டுக்காரி. சிரிக்கவே காசு கேட்கிற முகம், ஆனால் வேலையில் புலி.

அவர்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் ஓட்டுகிற விமானத்தை ராக்னா தொடமாட்டாள். நாற்பது கிளம்பினால், பக்கத்து நாற்காலி லூத்தரிடம் அதைத் தள்ளிவிடுவாள். வெர்ன் லூத்தருடைய அலைவரிசையில்தான் பேசுவான். சொந்த மனுஷன் என்றால் கை நடுங்கும், நடுங்கிய கையால் மற்றவனையும் கெடுத்துவிடுவோம் என்பது அவர்கள் கணக்கு. நல்ல கணக்குத்தான்.

ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. மற்ற ஊர்களில் எஞ்சினைப் போட்ட பிறகு ரேடியோவில் கேட்டு அந்த எண்ணை வாங்குவார்களாம். எங்கள் குளிரில் விறைத்த விரலை வைத்துக்கொண்டு யார் திருகுவது. விடிந்ததும் என் கல்லாப் பக்கத்து டெலிபோனில் ராடார் அறையைக் கூப்பிட்டு எண்ணை வாங்கிக்கொள்வார்கள். எஞ்சினுக்குப் போர்வை போர்த்தி, அடுப்புக் குழாயைச் சொருகிச் சூடுகாட்டும்போதே பெட்டியில் எண்ணைத் திருகி வைத்துவிடுவார்கள். அப்புறம் கையைத் தேய்த்துக்கொண்டு சாப்பிட வருவார்கள்.

அன்றைக்கும் இரண்டு பேரும் எண்ணை வைத்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தார்கள். நான் புளித்த மாவில் அப்பம் சுட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். மெல்வின் தட்டைத் தொடவில்லை. இருமினான், மறுபடி இருமினான்.

"டேய், நீ இருமறதுல என் காபி அலை அடிக்குது" என்றான் வெர்ன். கதவை மறைக்கிற உடம்பு அவனுக்கு. "நான் இன்னும் கடலுக்கே போகல, அதுக்குள்ள கப்பல்ல இருக்கற மாதிரி இருக்கு."

"வெறும் சளிதான்" என்றான் மெல்வின்.

"சளியா? ராத்திரி பூரா ஒடம்பு கொதிச்சுது" என்றாள் டெல்ஃபினா, காபிக் கெண்டியோடு நின்றபடி. "இதுல அவன் ப்ளேன்ல ஹீட்டர் வேற இல்ல. போன வாரமே சொல்லியாச்சு கஸ்கிட்ட. சாமான் வரும் வரும்ங்கறான்."

"வரும்டி. கஸ் கல்யாணத்துக்கு வாங்கின சூட்டே இன்னும் வரல" என்றான் வெர்ன்.

அவள் சிரிக்கவில்லை. கெண்டியை மேஜையில் வைத்தாள்.

"வெர்ன் அண்ணே, நான் ஒண்ணு கேட்டா செய்வீங்களா?"

"என் அப்பத்த மட்டும் கேக்காத."

"ரெண்டு பேரும் ஒரே ஊருக்குத்தான போறீங்க. ப்ளேன மாத்திக்குங்களேன். உங்களுதுல ஹீட்டர் நல்லா இருக்கு. உங்களுக்குக் குளிர் ஏறாது."

"டெல்ஃபி, சும்மா இரு" என்றான் மெல்வின். அவன் காது சிவந்தது.

"நீ சும்மா இரு. கண்ணே சொருகுது உனக்கு. குளிர்ல கை வெறச்சு எங்கயாவது..." அதற்கு மேல் சொல்லவில்லை. அந்த வார்த்தையை அவள் வாய்க்குள் வரவிடமாட்டாள்.

வெர்ன் அவள் முகத்தைப் பார்த்தான். கேலி எல்லாம் இறங்கிவிட்டது. "சரி, இதுக்கு எதுக்கு அண்ணே நொண்ணேன்னுட்டு. எங்கிட்ட ரெண்டு ஆள் கொழுப்பு இருக்கு. எடுத்துக்கடா மெல்வின். ஆனா என் சீட்டுக்கு அடியில ஆரஞ்சு மிட்டாய் வெச்சிருக்கேன், எண்ணி வெச்சிருக்கேன், ஜாக்கிரதை."

டெல்ஃபினா அவனுக்கு இன்னும் இரண்டு அப்பம் கொண்டுவந்து போட்டாள். நான் காசு வாங்கவில்லை.

ஜன்னல் வழியே பார்த்தேன். இரண்டு பேரும் பனியில் நின்று பை, கண்ணாடி, ஃபிளாஸ்க், முதுகுக்கு வைக்கிற மெத்தை எல்லாவற்றையும் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே தூக்கிப் போட்டு மாற்றிக்கொண்டார்கள். தபால் மூட்டைகள் இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் அவற்றைத் தொடவில்லை. முதலில் நாற்பது, பின்னால் பதினொன்று என்றுதான் போட்டிருந்தது. ஆனால் சூடான விமானத்தில் உட்கார்ந்த மெல்வின் சீக்கிரம் தயாராகிவிட்டான். வெர்ன் அந்த ஆறிப்போன எஞ்சினோடு முனகிக்கொண்டு பின்னால் போனான். அதற்குள் பனி மறுபடி பிடித்துக்கொண்டது. ஓடுபாதையின் கடைசி கூடத் தெரியவில்லை. இரண்டு சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறி மறைந்தன.

டெல்ஃபினா வந்து ரேடியோவை அணைத்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தோம். பெரிய மீன் ஒன்றைப் போட்டு சூப் வைத்திருந்தேன். அவள் உரித்துக்கொண்டே கண்ணைக் கடிகாரத்தின் பக்கம் விட்டாள், எடுத்தாள்.

"கவிழ்தோணியத் தாண்டியிருப்பாங்களா?"

கவிழ்தோணி என்பது தீவுக்குப் போகிற வழியில் நிற்கிற மலை. கடலிலிருந்து பார்த்தால் கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி இருக்கும். அதைத் தாண்டும்வரைக்கும் ஐயாயிரம் அடிக்குக் கீழே வரக்கூடாது. தாண்டினால் அந்தப் பக்கம் கடல்தான், தைரியமாக இறங்கலாம். மேகத்துக்குள் இருக்கிற பைலட்டுக்கு மலை தெரியாது. எப்போது இறங்கலாம் என்று கீழே திரையைப் பார்க்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அந்த மலைக்கு ஆளைப் பறிகொடுக்காத தெரு இல்லை.

"தாண்டியிருப்பாங்க. நீ கிழங்கப் பாரு, பாதியத் தோலோட சீவித் தள்ற" என்றேன்.

கதவு திறந்தது. கஸ் வந்தான். பனியைத் தட்டவில்லை, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். கஸ் குளித்தாலும் தொப்பியைக் கழற்றாதவன்.

"எட்னா, கொஞ்சம் இங்க வா" என்றான்.

"எங்கிட்டச் சொல்லு. அவகிட்ட ஏன்?" என்றாள் டெல்ஃபினா. கத்தியைக் கீழே வைக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

கஸ் என்னைப் பார்த்தான்.

"கோபுரத்துலேருந்து கூப்பிட்டாங்க. அங்க மேலயும் ஒரு திரை இருக்குல்ல, அதுல பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. பதினொண்ணு எறங்க ஆரம்பிச்சுதாம். மலைக்கு இந்தப் பக்கமே. அப்பறம்..."

"அப்பறம்?"

"திரையில இல்ல."

"இல்லைன்னா என்னய்யா அர்த்தம்?" என்று நான் பாய்ந்தேன். "வந்துட்டான் பாரு, சட்டி ஒடஞ்சுதுன்னு சொல்ற மாதிரி. மலைக்குப் பின்னால போனா ராடாருக்குத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும். கூப்பிட்டுப் பாத்தாங்களா?"

"எனக்கு அவ்வளவுதான் சொன்னாங்க எட்னா. பேர் மறைஞ்சு போச்சு, கடலோரக் காவல் படகுக்குச் சொல்லியாச்சுன்னாங்க. வெர்ன் தாண்டிட்டான். நாற்பது மலைக்கு அந்தப் பக்கம் பத்திரமா இருக்கு."

டெல்ஃபினா கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். தோல் கையிலிருந்து தொங்கியது. அழவில்லை, கத்தவில்லை. உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். அவள் அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"டெல்ஃபி" என்றேன்.

"சூடான ப்ளேன் வேணும்னு நான்தான கேட்டு வாங்கிக் குடுத்தேன். கதகதன்னு இருந்திருக்கும். மருந்து வேற குடிச்சான். தூங்கிட்டானாக்கா? அதான் எறங்கிட்டானா?"

"வாய மூடு. ஒண்ணும் தெரியாம நீயா எதையாவது கட்டாத."

"ஜூனியப் பள்ளிக்கூடத்துலேருந்து யாரு கூட்டிட்டு வர்றது? அவகிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன்."

நான் ரேடியோவுக்குக் கையை நீட்டினேன். அவள் எப்போது எழுந்தாள் என்றே தெரியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி என்றால் பிடி, இடுக்கி மாதிரி.

"போடாதீங்க."

"ஏதாவது தெரியுமேடி."

"போடாதீங்க அக்கா. அது சும்மா கரகரன்னு இருக்கும். அதுல அவன் இருக்கமாட்டான். என்னால முடியாது."

நான் கையை எடுத்துக்கொண்டேன். கஸ் கதவருகில் தொப்பியை முறுக்கிக்கொண்டு நின்றான். சூப் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. போய் இறக்கி வைத்தேன். டெல்ஃபினா சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். உடம்பு நடுங்கவில்லை, விறைத்துப்போயிருந்தது. மாதாவே மாதாவே என்று அவள் பாஷையில் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு ராக்னாவைப் பற்றி நினைத்தேன். நாற்பது லூத்தரிடம் போனால் பதினொன்று அவளிடம்தானே இருந்திருக்கும். அவள் கண்ணுக்கு முன்னால்தானே போயிருக்கும். பாவி, அவளுக்கும் இது ஆயுசுக்கும் போகாது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ராக்னாவே வந்தாள். மேல்கோட்டு இல்லை. வெறும் சட்டையோடு அந்தப் பனியில் நடந்து வந்திருக்கிறாள். காதில் மாட்டுகிற கருவியின் வயர் கழுத்தில் தொங்கியது, பிடுங்கிக்கொண்டு வந்தவள் மாதிரி. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

கஸ்ஸைத் தள்ளிக்கொண்டு நேரே வந்து டெல்ஃபினாவுக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"டெல்ஃபி, என்னப் பாரு. மெல்வின் உசுரோட இருக்கான்."

டெல்ஃபினா பார்த்தாள். புரியவில்லை அவளுக்கு.

"மெல்வின் நல்லா இருக்கான். மலையத் தாண்டிட்டான். நான் அவன்கூடப் பேசினேன், இப்பக்கூடப் பேசிட்டுத்தான் வர்றேன். உங்கிட்டத் தப்பாச் சொல்லிட்டாங்கன்னு கோபுரத்துலேருந்து சொன்னாங்க. அதான் நானே வந்தேன்."

டெல்ஃபினாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாது. ராக்னாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் கன்னத்திலும் தலையிலும் முத்தம் கொடுத்தாள். இருக்கானா, இருக்கானா, நெஜமாவா என்று விடாமல் கேட்டாள். ராக்னா ஆமாம் ஆமாம் என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

ஆனால் ராக்னாவின் முகம் மாறவே இல்லை. டெல்ஃபினாவின் தோளுக்கு மேலே அது அப்படியே சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

"அப்ப மலையில எறங்கினது யாரு?" என்று கேட்டேன்.

"வெர்ன்" என்றாள்.

டெல்ஃபினாவின் கை அவள் கழுத்திலிருந்து இறங்கியது.

ராக்னா எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. வேலையில் பேசுகிற அதே குரலில், ஏற்றம் இறக்கம் இல்லாமல் சொன்னாள்.

"எங்கிட்ட இருந்த புள்ளிக்குப் பேரு பதினொண்ணு. லூத்தர்கிட்ட இருந்ததுக்குப் பேரு நாற்பது. நாற்பது முன்னால போச்சு, மலையத் தாண்டிடுச்சு. லூத்தர், நாற்பது ரெண்டாயிரத்துக்கு எறங்குன்னாரு. வெர்ன் சரின்னான், பக்கத்துல எனக்குக் கேக்குது. ஆனா நாற்பது எறங்கல. என் பதினொண்ணு எறங்குது. மலைக்கு இந்தப் பக்கம். நான் ஒண்ணுமே சொல்லல, அது பாட்டுக்கு எறங்குது. மெல்வினைக் கூப்பிட்டு ஏன்டா எறங்குறேன்னேன். நான் எங்க எறங்குறேன், அஞ்சாயிரத்துலதான் இருக்கேங்கறான்."

"அப்பறம்?"

"பெட்டியில ஒரு பட்டன் இருக்கு எட்னா. அமுத்தினா அந்த ஆளோட புள்ளி மட்டும் திரையில பூத்த மாதிரி பெருசாகும். அமுத்துடா மெல்வின்னேன். நாற்பதுன்னு பேர் போட்ட புள்ளி பூத்துச்சு. பேரு ரெண்டும் மாறியிருக்கு. எறங்கிட்டிருந்தது வெர்ன். லூத்தர் ஏறு ஏறுன்னு கத்தினாரு. பதில் இல்ல. அப்பறம் அந்தப் பேரும் போயிடுச்சு. எப்படி மாறுச்சுன்னுதான் தெரியல. நம்பர நானேதான் டெலிபோன்ல குடுத்தேன். ரெண்டு பேரும் திருப்பிச் சொன்னாங்க. சரியாத்தான் சொன்னாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பை மாறியது, ஃபிளாஸ்க் மாறியது, மெத்தை மாறியது. திருகி வைத்த எண் அந்தந்த விமானத்திலேயே இருந்துவிட்டது. நான் டெல்ஃபினாவைப் பார்த்தேன். அவளுக்கும் உறைத்துவிட்டது.

சொல்லாதே என்று கண்ணைக் காட்டினேன். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது. அவள் கேட்கவில்லை.

"ப்ளேன மாத்திக்கிட்டாங்க" என்றாள். "காலையில. நம்பர் வெச்சதுக்கப்பறம். மெல்வினுக்குக் காய்ச்சல். நான்தான் வெர்ன் அண்ணன்கிட்ட மாத்திக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவரு எனக்காகத்தான் மாத்திக்கிட்டாரு."

ராக்னா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்திருந்தால்கூடத் தடுத்திருக்கமாட்டேன். ஆனால் அவள் ஒன்றும் செய்யவில்லை. மேஜைமேல் கிடந்த துணியை எடுத்து நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அவன் அப்படித்தான்" என்றாள். "கேட்டா குடுத்துருவான்."

பிறகு, "ரேடியோவப் போடு எட்னா" என்றாள்.

இந்தத் தடவை டெல்ஃபினா தடுக்கவில்லை. போட்டேன். மெல்வின் குரல்தான் வந்தது. இருமலுக்கு நடுவே, "நாற்பது, நாற்பது, கேக்குதா. வெர்ன், கேக்குதாடா. நான் மலைக்கு மேல வட்டம் போட்டுட்டிருக்கேன். ஒண்ணுமே தெரியல. வெர்ன், ஏதாவது பேசுடா." திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னான். டெல்ஃபினா அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். உயிரோடு இருக்கிற புருஷன் குரலைக் கேட்டு அழக்கூட அவளுக்கு அங்கே உரிமை இல்லாமல் போய்விட்டது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ. காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்தது. டெலிபோன் அடித்தது. கஸ் எடுத்தான், உடனே ராக்னாவிடம் நீட்டினான். லூத்தர்தான் பேசினார். அவர் குரல் எங்களுக்கும் கேட்கிற அளவுக்குக் கத்தினார்.

"ராக்னா, வந்துடுச்சும்மா. பதினொண்ணுன்னு பேர் வந்துடுச்சு. மலைக்குத் தெற்கே, தண்ணி மேல. ஆயிரத்து எரநூறு அடி."

நான் கடவுளே என்று உட்கார்ந்துவிட்டேன். ராக்னா உட்காரவில்லை.

"குரல் வந்துச்சா?"

"குரல் இல்ல. ஆனா பேரு இருக்கு. நகருது."

"பேர வெச்சு என்ன பண்றது லூத்தர்" என்றாள். "விமானம் போனப்பறமும் அந்த மெஷின் பேர மட்டும் கொஞ்ச நேரம் இழுத்துக்கிட்டுப் போகும், உங்களுக்குத் தெரியாதா? போன வருஷம் தரையில எறங்கினவன் பேரு கடல் வரைக்கும் போகலையா?"

ராக்னா டெலிபோனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பட்டன அமுத்தச் சொல்லுங்க. காது கேட்டா அமுத்துன்னு சொல்லுங்க. பேசமுடியலன்னாலும் கை இருக்குமில்ல."

லூத்தர் சொல்வது டெலிபோனிலும் கேட்டது, அலமாரி ரேடியோவிலும் கேட்டது. "நாற்பது, நான் பேசறது கேட்டா பட்டன அமுத்து." ராக்னா டெலிபோனைக் காதில் அழுத்தியிருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"இல்ல" என்றார் லூத்தர்.

"மறுபடி சொல்லுங்க."

"நாற்பது, கேட்டா அமுத்து. வெர்ன், அமுத்துப்பா."

டெல்ஃபினா என் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அது கிழியும்போல் இருந்தது. ரேடியோ கரகரவென்றது. மெல்வின்கூட இருமலை அடக்கிக்கொண்டிருந்தான்போல.

"ராக்னா" என்றார் லூத்தர். அவர் குரல் உடைந்துவிட்டது. "பூத்துச்சும்மா. பெருசாப் பூத்துச்சு. திருப்பியும் அமுத்தறான். விடாம அமுத்திக்கிட்டே இருக்கான் கடங்காரன்."

என்ன நடந்தது என்று அப்புறம் வெர்ன் சொல்லித்தான் தெரிந்தது. மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தவன் கண்ணாடிக்கு முன்னால் திடீரென்று கறுப்பாக மரங்கள் நின்றனவாம். யோசிக்காமல் இழுத்துத் திருப்பியிருக்கிறான். தபால் மூட்டைகள் முன்னால் பறந்துவந்து விழுந்ததில் பேசுகிற கருவியின் வயர் வேரோடு அறுந்துவிட்டது. அப்புறம் மலைச்சரிவுக்கும் மேகத்துக்கும் நடுவே, கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல், தண்ணீர் கண்ணில் படும்வரைக்கும் ஊர்ந்திருக்கிறான். அந்த நேரம் முழுக்க அவனுக்கு எல்லார் குரலும் கேட்டதாம், மெல்வின் அழுததுகூட. முதல் தடவை லூத்தர் அமுத்து என்றபோது கை தவறி, பக்கத்துப் பட்டனை அமுக்கிவிட்டானாம். அதை அவன் பிறகு என் கடையில் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

அன்றைக்கு அந்த நேரத்தில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. புள்ளி பூத்தது, அவ்வளவுதான் தெரியும். ராக்னா டெலிபோனை வைத்தாள். வைத்துவிட்டு, நாற்காலியில் சரிந்தாள். கஸ் வெளியே ஓடினான். நான் ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி அவளுக்கு முன்னால் வைத்தேன். டெல்ஃபினா ஓர் எட்டுத் தள்ளி நின்றாள். கிட்டே போகவும் பயம், விட்டுப் போகவும் பயம்.

"உக்காரு டெல்ஃபி" என்றாள் ராக்னா.

அவள் உட்கார்ந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பதினொண்ணு எறங்க ஆரம்பிச்சப்ப, அது மெல்வின்னுதான் நெனச்சேன். மலைக்கு நேரா போறான்னு தெரியுது. கூப்பிடறதுக்கு வாயத் தெறக்கறதுக்கு முன்னாடி எனக்குள்ள ஒண்ணு வந்துச்சு." கரண்டியை எடுத்துச் சூப்பைக் கலக்கினாள், குடிக்கவில்லை. "நல்லவேள, வெர்ன் இல்லன்னு. அந்த நிம்மதியில ஒரு மூச்சு விட்டேன். அதுக்கப்பறம்தான் உன் புருஷனக் கூப்பிட்டேன். அந்த ஒரு மூச்சு முன்னாடி கூப்பிட்டிருந்தா வெர்ன் மரத்துக்கிட்டப் போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்."

டெல்ஃபினா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் மெல்வினுக்கும் லூத்தருக்கும் நடுவே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வெர்னுக்கு முன்னால் பறந்து வழிகாட்டித் தீவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான் மெல்வின்.

"நீங்க வந்து மெல்வின் உசுரோட இருக்கான்னு சொன்னீங்களே" என்றாள் டெல்ஃபினா கடைசியில். "அப்ப யாருன்னு நான் கேக்கல. உங்க மொகம் எப்படி இருந்துச்சுன்னு பாத்தேன். பாத்தும் கேக்கல. எட்னாக்காதான் கேட்டாங்க."

"தெரியும்" என்றாள் ராக்னா. "நீ எப்பக் கேப்பேன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

நான் இன்னொரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி டெல்ஃபினாவுக்கு முன்னால் வைத்தேன். இரண்டு விமானங்களும் இன்னும் இறங்கியிருக்கவில்லை.